ஆனந்த்டெக்கும் போய்விட்டது: கணினிப் பத்திரிகைகள் எப்போது யோக்கியமாக இருந்தன?

வாசகர் கேட்டது, 2 செப்டம்பர் 2024, காலை 9.20

ஆகஸ்ட் 30ஆம் தேதி, கணினிப் பொருட்களைச் சோதித்து எழுதும் ஆனந்த்டெக் கடையைச் சாத்திவிட்டது. 27 வருடம். அச்சில் பத்திரிகை வந்த காலத்தில் நல்லதை நல்லது என்றும் மட்டத்தை மட்டம் என்றும் எழுதினார்கள். இணையம் வந்தது, எல்லாரும் கம்பெனிக்குத் தரகர் ஆனார்கள். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

2 செப்டம்பர், இரவு 11.05

பாதி சரி. மீதிப் பாதியில் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

2003 முதல் 2008 வரை சென்னையில் ஒரு கணினி மாத இதழில் சோதனைப் பகுதி என் பொறுப்பு. பெயர் வேண்டாம். இதழ் இப்போது இல்லை, அதில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணா சாலைக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டாவது மாடி, மொத்த அலுவலகத்துக்கும் ஒரே ஏசி. அது விளம்பரப் பிரிவில் இருந்தது. உங்கள் கேள்விக்கு அதுவே ஒரு பதில்தான்.

2004இல் இங்க்ஜெட் பிரிண்டர்களை ஒப்பிட்டோம். பதினோரு பிரிண்டர். ஒரே கடையில் வாங்கிய ஏ4 தாள், தாளில் 5 சதவீதம் மட்டும் மை படியும் ஒரே எழுத்துப் பக்கம். கருப்பு கார்ட்ரிட்ஜ் காயும்வரை அடிக்க வேண்டியது, அடித்ததை எண்ணிப் பக்கத்துக்கு என்ன செலவு என்று வகுக்க வேண்டியது. நானும் ஒரு பையனும், ஒன்பது நாள். நடுவில் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற தாளைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டை வேறு.

முதலிடம் வந்த பிரிண்டரின் கம்பெனிதான் அந்த இதழின் பின் அட்டை விளம்பரமும் கொடுத்திருந்தது. வாசகர்கள் சிலர் நக்கலாகக் கடிதம் போட்டார்கள். இன்றைக்கும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன், அந்த முதலிடம் எண்ணிக்கையால் வந்தது. விளம்பர மேலாளர் முடிவைப் பார்த்ததே சிவகாசியிலிருந்து இதழ் கட்டு வந்து இறங்கிய பிறகுதான்.

அதற்காக நாங்கள் அரிச்சந்திரர்கள் என்று சொல்லவில்லை. "மோசம்" என்ற சொல் ஐந்து வருடத்தில் எங்கள் பக்கங்களில் வந்ததே கிடையாது. "இன்னும் மேம்படலாம்" என்று எழுதுவோம். பழைய வாசகர்களுக்கு அந்தப் பாஷை தெரியும். "கண்ணைக் கவரும் தோற்றம்" என்று கட்டுரை ஆரம்பித்தால் உள்ளே சரக்கில்லை என்று புரிந்துகொள்வார்கள்.

3 செப்டம்பர், காலை 7.10

திருத்தம். அந்தப் "பையன்" (இப்போது பெங்களூரில், தலை நரைத்துவிட்டது) இதைப் படித்துவிட்டு போன் செய்தான். பதினோரு கம்பெனிக்குக் கேட்டோமாம், வந்தது ஒன்பது. நாள் கணக்கும் பிரிண்டர் கணக்கும் என் மண்டையில் கலந்துவிட்டன.

3 செப்டம்பர், மதியம் 1.30

கேள்வியிலேயே ஒரு கோணல் இருப்பதை நேற்று கவனிக்கவில்லை. ஆனந்த்டெக் அச்சில் வந்ததே இல்லை. 1997இல் ஆனந்த் லால் ஷிம்பி அதை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 14. அது இணையத்தின் பிள்ளை. "இணையம் கெடுத்தது" என்பதற்கு அதன் சாவை எப்படிச் சாட்சியாக வைக்க முடியும்?

இணையம் முதலில் கொடுக்கத்தான் செய்தது. எனக்கு ஒரு மதர்போர்டுக்கு 350 சொல் கிடைக்கும், கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம் வந்தால் 200. ஆனந்த்டெக்கில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 2009 மார்ச்சில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து பஸ்ஸில் படித்தேன். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் நடுவில் ஏன் திக்கித் திணறுகின்றன என்று பிட்டுப் பிட்டு வைத்திருந்தார். ஓசிஇசட் நிறுவனம் அனுப்பிய வெர்டெக்ஸ் டிரைவில் தொடர்ச்சியாக எழுதும் வேகம் பளபளவென்று இருந்தது, சில்லறைச் சில்லறையாக எழுதும்போது இழுத்தது. பெட்டியில் அச்சடிக்கும் வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, இதைச் சரி செய்யுங்கள் என்று மல்லுக்கட்டினார். அவர்கள் டிரைவுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரை மாற்றினார்கள். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே பொருள் திருந்தியது. எங்கள் இதழ் எதையும் அப்படித் திருத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

5 செப்டம்பர், இரவு 10.40

"அப்போதெல்லாம் முதலாளி தலையிட மாட்டார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, எந்த ஊரில்?

2007இல் அமெரிக்காவின் பிசி வேர்ல்ட் இதழில் ஆப்பிளிடம் நமக்குப் பிடிக்காத பத்து விஷயங்கள் என்று ஒரு கட்டுரை தயாரானது. நிர்வாகம் நிறுத்தியது. ஆசிரியர் ஹாரி மெக்ராக்கன் ராஜினாமா செய்தார். விஷயம் வெளியே வந்து நாறியதும் தலையிட்ட அதிகாரியை வேறு பொறுப்புக்கு மாற்றி, ஆசிரியரைத் திரும்ப அழைத்தார்கள். கட்டுரையும் வந்தது. படித்தால் சப்பென்று இருக்கும், அதற்கா இவ்வளவு என்று தோன்றும்.

2013 ஜனவரியில் சிநெட் என்ற தொழில்நுட்பத் தளம். லாஸ்வேகஸ் கண்காட்சியில் டிஷ் நிறுவனத்தின் ஹாப்பர் என்ற டிவி பதிவுக் கருவிக்குப் பரிசு கொடுக்க ஆசிரியர் குழு முடிவெடுத்தது. சிநெட்டின் முதலாளி சிபிஎஸ் டிவி நிறுவனம். சிபிஎஸ்ஸுக்கும் டிஷ்ஷுக்கும் கோர்ட்டில் வழக்கு. பரிசு ரத்து. கிரெக் சாண்டோவல் என்ற நிருபர் வேலையை விட்டார்.

இரண்டுமே இணைய காலத்துக் கதைகள். ஆனால் நமக்குத் தெரிய வந்ததும் இணையத்தால்தான். 1987இல் இப்படி நடந்திருந்தால் ஆசிரியர் உடல்நலக் குறைவால் விடைபெற்றிருப்பார்.

6 செப்டம்பர், காலை 6.50

சரி, அப்படியானால் எதுதான் மாறியது என்கிறீர்கள். நாள் மாறியது. பொருள் கைக்கு வந்ததற்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் இருந்த நாள்.

எம்பார்கோ எப்படி வேலை செய்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. கம்பெனி ஒரு தேதியும் நேரமும் சொல்லும், இந்திய நேரம் மாலை 6.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டால்தான் சோதிக்க ஒரு பீஸ் வரும். அச்சுக் காலத்திலும் இது இருந்தது. ஆனால் அன்று எல்லாருக்கும் அச்சகம் என்ற ஒரே வாசல். நான் நாலு நாள் கூடுதலாகச் சோதித்தால் குடி முழுகாது. இன்று 6.30க்கு வந்ததைத்தான் கூகுள் மேலே வைக்கும், 6.30க்கு வந்ததைத்தான் ஆள் கிளிக் செய்வார். மறுநாள் வருகிற நல்ல கட்டுரை, கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வந்த சொந்தக்காரர் மாதிரி. பீஸ் எத்தனை நாள் முன்னால் வருகிறது என்பது கம்பெனி கையில். யாருக்கு எட்டு நாள், யாருக்கு ஒன்றரை நாள் என்பதும் அதன் கையில். காசு கொடுத்து வாயை அடைக்கத் தேவையே இல்லை, நேரத்தைப் பிடுங்கினால் போதும்.

2020 டிசம்பரில் கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியா, ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் என்ற ஆஸ்திரேலிய யூடியூப் சேனலுக்கு, ரே டிரேசிங்குக்கு (விளையாட்டில் ஒளியை நிஜம்போலக் காட்டும் நுட்பம்) நீங்கள் போதிய முக்கியத்துவம் தரவில்லை, இனி எங்கள் சொந்தத் தயாரிப்பான ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டு அனுப்ப மாட்டோம் என்று மின்னஞ்சல் போட்டது. ஊரே திரண்டு கத்தியதும் இரண்டு நாளில் பின்வாங்கியது. கத்த ஆள் இல்லாத சின்னத் தளங்களுக்கு மின்னஞ்சல்கூட வராது. பீஸ் வராது, அவ்வளவுதான். எனக்கும் ஒருமுறை ஒரு மானிட்டர் கம்பெனியிடமிருந்து வருவது நின்றது. காரணம் கேட்டால் "ஸ்டாக் இல்லை சார்". கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதே மாடல் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது.

6 செப்டம்பர், காலை 7.05

ஹார்ட்வேர் அன்பாக்ஸ்ட் பத்திரிகை இல்லையே என்று யாரும் எழுத வேண்டாம். அளந்து பார்த்துச் சொல்கிறவர் என் கணக்கில் பத்திரிகைக்காரர்தான்.

9 செப்டம்பர், இரவு 9.15

சும்மா இருக்க முடியாமல் "சிறந்த மிக்ஸி 2024" என்று தேடினேன். எல்லாத் தளத்திலும் அதே படம், பெட்டியின் பின்னால் இருக்கும் அதே வாட்ஸ் கணக்கு, அதே ஐந்து நட்சத்திரம். ஒருவர்கூட இட்லி மாவு அரைத்துப் பார்த்த அறிகுறி இல்லை. ஒரு பக்கத்தில் தலைப்பு 2024, உள்ளே "2021இல் வந்துள்ள புதிய மாடல்". பஞ்சாங்கக்காரர்களாவது வருடத்தை மாற்றும்போது கிரகத்தையும் கொஞ்சம் நகர்த்துவார்கள்.

கீழே ஒரு "வாங்க" பொத்தான். அதை அமுக்கி வாங்கினால் தளத்துக்குக் கமிஷன். கமிஷனே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரையன் லாம் 2011இல் பொருட்களைச் சோதித்துப் பரிந்துரைக்கும் வயர்கட்டர் தளத்தை ஆரம்பித்தது இந்தப் பணத்தை நம்பித்தான். அந்தப் பணத்தில் அவர்கள் நாளை வாங்கினார்கள். ஒரு பொருளுக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2016இல் நியூயார்க் டைம்ஸ் சுமார் 3 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது. மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த 3 கோடி மட்டும். பொத்தானைக் காப்பியடித்தார்கள், சோதனையை விட்டுவிட்டார்கள்.

இந்த பிப்ரவரியில் ஹவுஸ்ஃபிரெஷ் என்ற சின்னத் தளம் எழுதியதைத் தேடிப் படியுங்கள். காற்றுச் சுத்திகரிப்பானை வாங்கி, அறைக்குள் புகை போட்டு, அளந்து எழுதுகிறவர்கள். தேடினால் அவர்களுக்கு மேலே நிற்பது பெரிய பத்திரிகைப் பெயர்களின் பட்டியல்கள், சோதித்ததற்குத் தடயமே இல்லாமல். பழைய பெயரின் மரியாதையை வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறார்கள்.

14 செப்டம்பர், இரவு 11.50

மழை, தூக்கம் வரவில்லை, நீளமாக எழுதப் போகிறேன்.

1994இல் இன்டெல்லின் பென்டியம் சிப் மாட்டிக்கொண்ட கதை இங்கே பாதிப் பேருக்கு மறந்திருக்கும். வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். விடை இடித்தது. மாதக்கணக்கில் தன் நிரலைச் சந்தேகித்து, மெமரியைச் சந்தேகித்து, கடைசியில் சிப்பே தப்பாக வகுக்கிறது என்று கண்டுபிடித்தார். இன்டெல்லிடம் கேட்டார், உருப்படியான பதில் இல்லை. அக்டோபர் 30ஆம் தேதி தெரிந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அது அந்தக் காலத்துக் கணினி விவாதக் களங்களான கம்ப்யூசெர்வுக்குப் போனது, யூஸ்நெட்டுக்குப் போனது, ஆளாளுக்குத் தங்கள் கணினியில் வகுத்துப் பார்த்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி மின்னணுத் துறைப் பத்திரிகையான இஇ டைம்ஸ் செய்தி போட்டது. சாதாரண ஆளுக்கு 27,000 வருடத்தில் ஒருமுறைதான் தப்பு வரும் என்றது இன்டெல். ஐபிஎம், 24 நாளுக்கு ஒருமுறை என்றது. டிசம்பர் 20ஆம் தேதி, கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தருகிறோம் என்று இன்டெல் இறங்கி வந்தது. செலவு 47.5 கோடி டாலர்.

மாத இதழ்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன? ஜனவரி இதழை அச்சுக்கு அனுப்பிவிட்டிருந்தன. வேகத்தில் தோற்ற முதல் பெரிய ஆட்டம் அது. ஆனால் தனிமனிதர் ஒருவர் கத்தியதும், வாசகர்கள் சரிபார்த்ததும், ஒரு பத்திரிகை அதை எடுத்துக் கம்பெனியிடம் பதில் வாங்கியதும் எட்டே நாளில் நடந்தது. மூன்றில் எது விட்டுப்போனாலும் கதை இல்லை.

2013லும் அதே மூன்று கால்தான். சாம்சங் கேலக்ஸி எஸ்4இல் கிராஃபிக்ஸ் வேகம் வேகத்தை அளக்கும் சில பென்ச்மார்க் செயலிகளில் மட்டும் எகிறுகிறது என்று பியாண்ட்3டி என்ற இணைய விவாதக் களத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஆனந்த்டெக் ஜூலையில் எடுத்துச் சோதித்தது. பென்ச்மார்க் ஓடினால் 533 மெகாஹெர்ட்ஸ், மற்ற எதற்கும் 480. போனின் மென்பொருளைப் பிரித்தால் உள்ளே "பென்ச்மார்க் பூஸ்டர்" என்றே பெயர் எழுதி வைத்திருந்தார்கள். திருடப் போன இடத்தில் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டு வந்த மாதிரி. அக்டோபரில் மற்ற கம்பெனி போன்களையும் வரிசையாக அளந்து, கிட்டத்தட்ட எல்லாரும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று அட்டவணை போட்டார்கள். சாம்சங் மீதான வழக்கு 2019இல் 1.34 கோடி டாலரில் சமரசமானது.

ஆனந்த்டெக் போனதில் எனக்கு வருத்தம் இந்த மூன்றாவது கால் உடைந்ததில்தான். முணுமுணுக்க நிறையப் பேர் இருக்கிறோம். கருவி வைத்துக்கொண்டு, பதினைந்து நாள் உட்கார்ந்து, ஆமாம் இல்லை என்று சொல்ல ஆள் குறைகிறது.

15 செப்டம்பர், காலை 8.30

"ஓசி பீஸை வைத்துக்கொண்டு என்ன சோதனை" என்ற கேள்வி நியாயமானது, நேற்றைய உற்சாகத்தில் அதைத் தாண்டிவிட்டேன். 2016இல் எம்எஸ்ஐயும் ஆசுஸும் விமர்சகர்களுக்கு அனுப்பிய கிராஃபிக்ஸ் கார்டுகள் கடையில் விற்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓடும்படி வந்தன என்று டெக்பவர்அப் தளம் கண்டுபிடித்தது. வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம். ஆனால் அட்டவணையில் முதலிடத்துக்கும் நாலாமிடத்துக்கும் இடையே இருப்பதும் அவ்வளவுதான்.

நாங்களும் ஒருமுறை கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிகளை மட்டும் ரிச்சி தெருவில் காசு கொடுத்து வாங்கினோம். பெட்டியில் 400 வாட் போட்டிருந்தது, 230ஐத் தாண்டியதும் டப் என்று வெடித்து அறை முழுக்கப் புகை. அருமையான கட்டுரை. முதலாளி ஆறு பெட்டிக்கான பில்லைப் பார்த்துவிட்டு, "இனிமே இரவல் வாங்கு" என்றார். மறுபடி வாங்கவே இல்லை.

22 செப்டம்பர், மாலை 5.20

தப்பு செய்வதைப் பற்றி. 2022 நவம்பரிலிருந்து சிநெட் நிதி விளக்கக் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதியது. அடுத்த ஜனவரியில் ஃபியூச்சரிசம் தளம் அதைப் போட்டு உடைத்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் ஒரு வருடத்தில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று ஒரு கட்டுரை. வட்டிக்கடைக்காரர் கேட்டால் நெஞ்சு வலியே வந்துவிடும். மொத்தம் 77 கட்டுரை, 41இல் திருத்தம் போட்டார்கள். அதே வருடம் தேடுபொறிக்குப் பிடிக்கும் என்று ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளையும் அழித்தார்கள். அச்சடித்த இதழை யாரும் வீடு வீடாகப் போய்க் கிழிக்க முடியாது.

நாங்களும் தப்பு செய்தோம். ஒரு பிரிண்டருக்குப் பக்கச் செலவைத் தவறாகப் போட்டுவிட்டோம், எது என்று ஞாபகம் இல்லை. காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டார். அடுத்த இதழிலேயே "திருத்தம்" என்று கட்டம் கட்டிப் போட்டோம். அந்த ஒழுங்கு இருந்தது, அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

23 செப்டம்பர், இரவு 10.00

சிநெட் விலையை யாரோ கேட்டிருந்தார்கள். 2000இல் சிநெட், இன்னொரு தொழில்நுட்பத் தளமான இசட்டிநெட்டை சுமார் 160 கோடி டாலருக்கு வாங்கியது. 2008இல் சிபிஎஸ் 180 கோடி கொடுத்து சிநெட்டை வாங்கியது. 2020இல் ரெட் வென்ச்சர்ஸுக்கு 50 கோடிக்குப் போனது. கடந்த மாதம் பத்திரிகைக் குழுமமான ஜிஃப் டேவிஸ் வாங்குவதாக அறிவித்தது, 10 கோடிக்குக் கொஞ்சம் மேல் என்று செய்தி. இசட்டிநெட்டை ஆதியில் ஆரம்பித்ததே ஜிஃப் டேவிஸ்தான். பேரனை விற்றுவிட்டு, கால் நூற்றாண்டு கழித்து அடிமாட்டு விலையில் குடும்பத்தோடு திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

2 அக்டோபர், காலை 11.10

இழை, இதழோடு இலவசமாக வந்த சிடி பக்கம் திரும்பிவிட்டது, நல்லது. ஆமாம், நானும் முதலில் லினக்ஸைப் பார்த்தது பிசிக்வெஸ்ட் இதழ் கொடுத்த சிடியில்தான். 56 கே மோடத்தில் இறக்க வேண்டுமென்றால் சொத்தை எழுதி வைக்க வேண்டும். எங்கள் இதழில் சிடி வைத்த மாதம் விற்பனை எகிறும், வைக்காத மாதம் படுக்கும். எங்கள் எழுத்துக்கு வாசகர் போட்ட மதிப்பு அதில் தெரிந்தது, நாங்கள்தான் பார்க்காத மாதிரி இருந்தோம். பிராட்பேண்ட் வந்ததும் அச்சு இதழைக் காலி செய்தது நல்ல கட்டுரைகள் இல்லை, டவுன்லோட்தான் என்பது என் கட்சி.

பிரியாணிக்கு முட்டை மாதிரிதான் சிடி என்று மேலே எழுதியவருக்கு: முட்டைக்காகத்தான் பிரியாணி வாங்கினார்கள் என்கிறேன்.

11 அக்டோபர், இரவு 9.40

யூடியூபர்கள் வந்து காப்பாற்றுவார்கள் என்பவர்களுக்கு. ஓரளவு. 2023 ஆகஸ்டில் லைனஸ் டெக் டிப்ஸ் சேனல், பில்லெட் லேப்ஸ் என்ற சின்ன நிறுவனம் அனுப்பிய கிராஃபிக்ஸ் கார்டுக்கான ஒற்றை மாதிரிக் குளிரூட்டியை அது பொருந்தாத கார்டில் மாட்டிச் சோதித்து, சரியில்லை என்று சொல்லி, பிறகு அந்த மாதிரியை ஏலத்திலும் விட்டுவிட்டது. சரியான கார்டில் சோதிக்க இன்னும் சில நூறு டாலர் ஆகும், அது வீண் என்றார்கள். அம்பலப்படுத்தியது இன்னொரு யூடியூப் சேனல், கேமர்ஸ் நெக்சஸ். லைனஸ் ஆட்கள் ஒரு வாரம் வீடியோ போடாமல் நிறுத்திவைத்தார்கள்.

அவர்கள் யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு அப்படிச் சொல்லவில்லை. அவசரம்.

16 ஜனவரி 2025, இரவு 8.15

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா பரணைச் சுத்தம் செய்யச் சொன்னார். 2004 இதழ்கள் ஒரு அட்டைப்பெட்டியில், ஓரம் மட்டும் கரையான். பிரிண்டர் இதழ் இருந்தது. உள்ளே அந்த அஞ்சலட்டையும் இருந்தது, நான்தான் செருகி வைத்திருக்க வேண்டும்.

பக்கச் செலவைத் தவறாகப் போட்டது முதலிடம் கொடுத்த பிரிண்டருக்குத்தான். கார்ட்ரிட்ஜ் விலை 780 ரூபாய், அடித்தது 210 பக்கம், இரண்டும் அட்டவணையிலேயே இருக்கின்றன. பக்கத்துக்கு 2.71 என்று போட்டிருக்கிறேன். இரண்டாமிடத்துக்கு 2.94. பின் அட்டையில் அதே கம்பெனியின் விளம்பரம், வண்ணம் இன்னும் மங்கவில்லை.

அடுத்த மாத இதழின் திருத்தத்தையும் தேடி எடுத்தேன். "2.71 என்பதை 3.17 என்று திருத்திப் படிக்கவும்." வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காரைக்குடிக்காரர் திட்டவில்லை, பின் அட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முகவரிக்குப் பக்கத்தில் ஒரே வரி: "780ஐ 210ஆல் வகுத்துப் பார்க்கவும்."

இப்போதுதான் வகுத்தேன். 3.71. ஐந்தாவது இடம்.